பானெட்டைத் திறந்து வைத்து: பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்கள் குறித்து வாசகர் கேள்விகளும் பதில்களும்

குளிர்காலம் முழுவதும் ஓடாமல் கிடந்த என் பழைய பிரிட்டிஷ் ரோட்ஸ்டர் (திறந்த மேல்பக்கமுள்ள இரு இருக்கைக் கார்), வெளியே எடுத்த முதல் நாளே மழையில் ஒரு ரவுண்டானாவின் நடுவே நின்றுபோனதைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். பிரிட்டனில் வாழ்ந்துகொண்டு, அதே வகைக் கார்களை வைத்திருக்கும் அல்லது வாங்க ஆசைப்படும் வாசகர்களிடமிருந்து அதற்குப் பல கடிதங்கள் வந்திருக்கின்றன. ஆகையால் இந்த மாதப் பக்கங்களை அவர்களுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: சாவியைத் திருப்பியதும் கிளம்பி, போக வேண்டிய இடத்தில் கொண்டுபோய் விடும் கார்கள் எல்லா விலையிலும் கிடைக்கும்போது, எப்போது நிற்கும் என்று தெரியாத அறுபது வயது வண்டியை ஏன் வைத்திருக்கிறீர்கள்? (ஒரு வாசகர், லெஸ்டர்)

பதில்: இந்தக் கேள்வியை என்னிடம் கேட்காத உறவினர் இல்லை. வேகம் அதற்குக் காரணமாக இருக்க முடியாது. 1962-இல் வெளிவந்த எம்.ஜி.பி. என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின் 1798 சி.சி. எஞ்சின் தருவது சுமார் 95 குதிரைத்திறன்தான். மணிக்கு 100 மைலைச் சற்றே தாண்டும் அந்தக் காரை இன்றைய சாதாரணக் குடும்பக் கார்கூட எளிதாக முந்திவிடும். ஆனால் தரையை ஒட்டி உட்கார்ந்து, எந்த மோட்டாரின் துணையும் இல்லாத ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, ஹூட் எனும் துணிக் கூரையை மடித்துவிட்டு ஒரு கிராமச் சாலையில் 45 மைல் வேகத்தில் போகும்போது, சாலையின் ஒவ்வொரு மேடும் சொரசொரப்பும் உள்ளங்கைக்கு வந்து சேர்கின்றன. வெட்டிப் போட்ட புல்லின் வாசனையும், முன்னால் போகும் டிராக்டரின் புகையும், நம் எஞ்சினில் சூடேறிய ஆயிலின் மணமும் தனித்தனியே தெரிகின்றன. மெதுவாகப் போகும்போதே மனம் நிறைந்துவிடும் கார்கள் இவை.

எனினும் இந்த இன்பத்துக்கு மட்டும் பழைய கார் தேவையில்லை. 1989-இல் மாஸ்டா நிறுவனம் எம்.எக்ஸ்-5 காரை அறிமுகப்படுத்தியபோது, 1960களின் பிரிட்டிஷ் ரோட்ஸ்டர்களை, குறிப்பாக லோட்டஸ் எலானை, மனத்தில் வைத்தே அதை வடிவமைத்திருந்தது. அது காலையில் கிளம்பும், மழை ஒழுகாது, மாலையில் வீடு திரும்பும். காற்றும் வெயிலும் மட்டும் போதும் என்பவர்களிடம் அதையே வாங்குங்கள் என்று மனதாரச் சொல்லி வருகிறேன். எனக்கு அதற்கு மேலும் ஒன்று வேண்டியிருக்கிறது. பானெட்டைத் திறந்தால் எது எதை இயக்குகிறது என்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும். வண்டி நின்றால், ஏன் நின்றது என்பதை என் கையாலேயே தொட்டுக் கண்டுபிடிக்க முடிய வேண்டும். இந்தக் கார்கள் காரணமில்லாமல் நிற்பதில்லை. அந்தக் காரணம் பிடிபடும் கணத்துக்காகத்தான் மற்ற எரிச்சல்கள் அத்தனையையும் பொறுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: என் காரில் இண்டிகேட்டர் போட்டால் பிரேக் விளக்கும் சேர்ந்து மங்கலாக மின்னுகிறது, ஹெட்லைட் மெழுகுவர்த்தி போல எரிகிறது. லூகாஸ் மின்சாதனங்களை ‘இருளின் இளவரசன்’ என்கிறார்களே, அது உண்மைதானா? முழு ஒயரிங்கையும் மாற்றிவிடட்டுமா? (ஒரு வாசகர், ரெடிங்)

பதில்: ஒரு ஒயரையும் இப்போதைக்கு மாற்றாதீர்கள். பர்மிங்ஹாமில் ஜோசப் லூகாஸ் தொடங்கிய அந்த நிறுவனம்தான் பிரிட்டிஷ் கார்களில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு விளக்குகளும் டைனமோக்களும் கொடுத்தது. ஆகவே எந்தக் காரில் விளக்கு அணைந்தாலும் பழி அதன் தலையில் விழுந்தது. அந்தப் பட்டப்பெயர் எனக்கு ஒருபோதும் நியாயமாகப் பட்டதில்லை. அறுபது ஆண்டுகள் ஈரத்திலும் சாலை உப்பிலும் கிடந்த எந்த இணைப்பும் களிம்பு ஏறாமல் இருக்காது.

உங்கள் காரில் நடப்பது இதுதான்: பேட்டரியிலிருந்து ஒயர் வழியாக விளக்குக்குப் போகும் மின்சாரம், காரின் இரும்பு உடல் வழியாகப் பேட்டரிக்குத் திரும்புகிறது. விளக்குக் கூடு உடலைத் தொடும் இடத்தில் துருவோ பெயிண்டோ குறுக்கே நின்றால், அந்த மின்சாரம் திரும்பி வர வேறு வழி தேடிப் பக்கத்து விளக்கின் இழைக்குள் புகுந்து போகிறது. இண்டிகேட்டரும் பிரேக் விளக்கும் சேர்ந்து மின்னுவது இதனால்தான். விளக்கை எரியவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை விளக்குக் கூட்டிலும் மறு முனையைப் பேட்டரியின் எர்த் முனையிலும் (கார் உடலோடு இணைந்த முனை) வைத்துப் பாருங்கள். பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டிய அளவு அரை வோல்ட்டையோ அதற்கு மேலோ காட்டினால், அந்த எர்த் கெட்டிருக்கிறது. திருகைக் கழற்றி, உப்புத்தாளால் தகட்டைப் பளபளவென்று தேய்த்து, கொஞ்சம் வாசலின் தடவி மீண்டும் முடுக்குங்கள். அதேபோல், பானெட்டுக்குக் கீழே ரப்பர் உறைக்குள் இருக்கும், ஒயர் முனைகளைச் செருகும் புல்லட் இணைப்புகள் ஒவ்வொன்றையும் உருவிச் சுத்தம் செய்யுங்கள். ஒரு சனிக்கிழமையும் சில பவுண்டுகளும் செலவாகும். பெரும்பாலான கார்களில் பாதி நோய் அன்றே தீர்ந்துவிடும். (லோட்டஸ் எலான் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல்: அதன் உடல் ஃபைபர்கிளாஸ் என்பதால் ஒவ்வொரு விளக்குக்கும் தனி எர்த் ஒயர் உண்டு, அதைத் தேடிப் பிடியுங்கள்.)

இரண்டு எச்சரிக்கைகள் உள்ளன. 1967 வரை வந்த எம்.ஜி.பி. உட்பட அக்காலக் கார்கள் பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் எர்த். இன்றைய பழக்கத்தில் பேட்டரியை மாற்றிப் பொருத்தினால், பின்னாளில் சேர்த்த மின்னணுப் பொருள்கள் ஒரே நொடியில் வீணாகிவிடும். இரண்டாவது, அன்று பல கார்களில் மொத்தமே இரண்டு ஃபியூஸ்கள்தான். ஹெட்லைட்டுக்கு ஃபியூஸே கிடையாது. அதற்கு ஒரு ரிலேயும் (அதிக மின்சாரத்தைத் தாங்கும் தானியங்கிச் சுவிட்ச்) ஃபியூஸும் சேர்ப்பதும், பேட்டரியைத் துண்டிக்கும் சுவிட்ச் ஒன்று வைப்பதும், மூல வடிவத்தைப் போற்றுபவர்கள் முகம் சுளித்தாலும், தீயிலிருந்து காரைக் காக்கும்.

கேள்வி: என் கார் இருபது நிமிடம் நன்றாக ஓடும், பிறகு நின்றுவிடும். கால் மணி நேரம் கழித்து ஒன்றும் நடக்காதது போலக் கிளம்பும். ஒரு பணிமனையில் இரண்டு முறை கார்புரேட்டரைப் பிரித்துச் சுத்தம் செய்து பணம் வாங்கிக்கொண்டார்கள். கோளாறு அப்படியே இருக்கிறது. என்ன செய்வது? (ஒரு வாசகி, கவென்ட்ரி)

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்தபோது என் வயிறு கலங்கியது, இதே கோளாறில் நான் ஒரு கோடைகாலத்தையே இழந்திருக்கிறேன். கார் எப்படி நின்றது என்பதை நீங்கள் எழுதவில்லை. அதுதான் முதல் தடயம். சுவிட்சை அணைத்தாற்போல் சட்டென்று செத்தால், மின்பொறி (ஸ்பார்க்) போய்விட்டது என்று கொள்ளலாம். இருமி, தயங்கி, இழுவை குறைந்து மெல்ல நின்றால், பெட்ரோல் வரவில்லை.

அடுத்த முறை நின்றவுடன், கார் சூடாக இருக்கும்போதே, சோதனையைத் தொடங்குங்கள். ஆறிவிட்டால் சாட்சி கலைந்துவிடும். உதிரி பிளக் ஒன்றைக் கையில் வைத்திருந்து, ஒரு பிளக் ஒயரை அதில் மாட்டி, அதன் உடல் எஞ்சினின் வெற்று உலோகத்தைத் தொடுமாறு, கார்புரேட்டரிலிருந்து தள்ளி வைத்து, மற்றொருவரை ஸ்டார்ட்டரைச் சுழற்றச் சொல்லுங்கள். நீலமான தடித்த பொறி வந்தால் மின்சாரத்தின் மேல் குற்றமில்லை. மஞ்சளாக மெலிந்து வந்தாலோ, வராமலே போனாலோ, பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிர்ந்தளிக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் சிறு கண்டென்சரையும், அங்கே சுழலும் ரோட்டார் ஆர்மையும், வெளியே இருந்து உயர் மின்னழுத்தம் தரும் காயிலையும் சந்தேகியுங்கள். இவை மூன்றுமே சூடேறினால் கெட்டு, ஆறினால் பிழைத்துக்கொள்ளும் இயல்புள்ளவை.

பொறி நன்றாக இருந்தால் பெட்ரோலைப் பாருங்கள். எஸ்.யூ. நிறுவனத்தின் மின்பம்பு உள்ள கார் என்றால் சாவியைத் திருப்பியதும் டக்டக்கென்று வேகமாக அடித்து, கார்புரேட்டரின் கிண்ணங்கள் நிறைந்ததும் ஓசை அடங்கும். ஓசையே வராவிட்டால் பம்பின் உள்ளே இருக்கும் தொடுமுனைகள் கருகியிருக்கலாம். ஸ்பானரின் கைப்பிடியால் லேசாகத் தட்டினால் வீடு சேரும் வரை ஓடும். பெட்ரோல் மூடியைத் திறந்ததும் ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுத்து, கார் உடனே கிளம்பினால், டாங்கின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. இரண்டும் இல்லையென்றால், எக்ஸாஸ்ட் குழாய்க்கு நேர் மேலே உட்கார்ந்திருக்கும் கார்புரேட்டரில் பெட்ரோல் கொதித்து ஆவியாகிறதா, வெப்பத் தடுப்புத் தகடு தன் இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

என் விஷயத்தில் மூன்று வாரம் கார்புரேட்டரோடு மல்லாடிய பிறகே குற்றவாளி பிடிபட்டது. அது, நான் அதே வசந்தத்தில் புதிதாக வாங்கிப் போட்டிருந்த ரோட்டார் ஆர்ம். ‘புதியது, ஆகவே நல்லது’ என்று நினைத்து அதைத் தொடாமலே இருந்துவிட்டேன். இன்று விற்கப்படும் உதிரிபாகங்கள் சில, அவை மாற்றும் பழைய பாகத்தைவிட மட்டமானவை என்பது இந்தக் கார்களை வைத்திருப்பவர்களின் நியாயமான மனக்குறை. கழற்றிய பழைய பாகத்தைத் தூக்கி எறியாதீர்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுங்கள். மூன்றைச் சேர்த்து மாற்றினால், சரியானாலும் ஏன் சரியானது என்று தெரியாது. டிஸ்ட்ரிபியூட்டரில் மின்சுற்றைத் திறந்து மூடும் தொடுமுனைகளான பாயிண்டுக்குப் பதிலாக மின்னணுப் பொறி அமைப்பு வைக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வைக்கலாம், ஆனால் முன்பே சரிபார்த்த பாயிண்டும் கண்டென்சரும் டிக்கியில் இருக்கட்டும், ஏனென்றால் மின்னணுப் பெட்டி போனால் சாலையோரத்தில் அதைப் பழுதுபார்க்க வழியில்லை.

கேள்வி: இரட்டை எஸ்.யூ. கார்புரேட்டர்களை நானே சீர்செய்யக் கற்றுக்கொள்ள முடியுமா? (ஒரு மாணவர், ஷெஃபீல்ட்)

பதில்: தாராளமாக முடியும், இந்தக் காரை வைத்திருப்பதில் இதைவிட இனிமையான வேலை எனக்குத் தெரியாது. முதலில் வால்வு இடைவெளியையும், பாயிண்ட் இடைவெளியையும், பொறியின் நேரத்தையும் சரிசெய்துவிடுங்கள். அவை பிசகியிருக்கும்போது கார்புரேட்டரைத் திருகுபவர்கள்தான் அதற்குக் கெட்ட பெயர் வாங்கித் தந்தவர்கள். கார்புரேட்டரின் மேலே உள்ள சிறு மூடியைக் கழற்றி, அதன் பிஸ்டனின் அசைவைத் தணிக்கும் டேம்பரில் மெல்லிய ஆயில் இருக்கிறதா என்று பாருங்கள். எஞ்சின் சூடான பின், ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறு முனையை ஒவ்வொரு கார்புரேட்டரின் வாயிலும் மாறி மாறி வைத்து, இரண்டும் ஒரே சுருதியில் மூச்சிழுக்கும் வரை திருகுங்கள். பிறகு கார்புரேட்டரின் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்கிப் பாருங்கள்: எஞ்சின் வேகம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம், தடுமாறி அணையப் பார்த்தால் பெட்ரோல் குறைவு, ஒரு கணம் சற்றே கூடிப் பழைய நிலைக்குத் திரும்பினால் அளவு சரி. முதல் நாள் உங்களுக்கு ஒன்றும் கேட்காது. நான்காவது ஐந்தாவது முறை, சிறு திருகலில் எஞ்சினின் முணுமுணுப்பு சீராகி அடங்குவது திடீரென்று கேட்கும். அந்த நாளை எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: கார் நிற்கும் இடத்தில் எல்லாம் ஆயில் வட்டம் விழுகிறது. பக்கத்து வீட்டாருக்குப் பதில் சொல்ல முடியவில்லை. (ஒரு வாசகர், லூட்டன்)

பதில்: சிறிய ஸ்போர்ட்ஸ் கார்கள் பலவற்றில் இருந்த ஏ-சீரிஸ் எஞ்சினில், பின்பக்கம் ஆயிலைத் தடுக்க ரப்பர் சீல் கிடையாது, சுழலும்போது ஆயிலை உள்ளே திருப்பிவிடும் மறை (திருகில் இருப்பது போன்ற சுருள் வெட்டு) ஒன்றுதான் உண்டு. எஞ்சின் நின்றதும் அந்த மறையும் நின்றுவிடுவதால், மிச்சம் இருப்பது சொட்டும். சில சொட்டுகளுக்காக எஞ்சினை இறக்காதீர்கள். தட்டு ஒன்றை வையுங்கள், ஆயில் அளவைக் குச்சியில் வாரந்தோறும் பாருங்கள். ஆனால் ஒரே இரவில் வட்டம் பெரிதானாலோ, சொட்டுவது பிரேக் எண்ணெயாக இருந்தாலோ, அன்று காரை எடுக்கவே கூடாது.

கேள்வி: முதல் காராக எம்.ஜி.பி. வாங்க நினைக்கிறேன். எதைப் பார்த்து வாங்குவது? (ஒரு வாசகர், பிரிஸ்டல்)

பதில்: நல்ல தேர்வு. 1962 முதல் 1980 வரை ஆபிங்டன் ஆலையில் ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரான கார் என்பதால் உதிரிபாகம் கிடைக்காமல் நீங்கள் தவிக்க மாட்டீர்கள். 1988 முதல் முழு உடற்கூடுகூட மூல அச்சுகளைக் கொண்டே புதிதாகச் செய்து விற்கப்படுகிறது.

எஞ்சினைப் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். எஞ்சினைச் சரிசெய்துவிடலாம், துருப்பிடித்த உடல் வாங்கியவரை விழுங்கிவிடும். இந்தக் காருக்குத் தனிச் சட்டகம் கிடையாது. மேலே கூரையும் இல்லாததால், கதவுகளுக்குக் கீழே ஓடும், தகடுகளை அடுக்கி வெல்டு செய்த சில் எனும் பெட்டிதான் முழுப் பாரத்தையும் தாங்குகிறது. அழுகிய உள்தகட்டின் மேல் பளபளப்பான புதிய வெளித்தகட்டை ஒட்டி விற்பது நெடுநாளாக நடந்து வரும் ஏமாற்று. ஆகவே கதவுக்கும் பின்புறத் தகட்டுக்கும் இடையிலான சந்து மேலிருந்து கீழ் வரை ஒரே அகலமாக இருக்கிறதா என்று பாருங்கள். மேலே குறுகியிருந்தால் கார் நடுவில் தொய்ந்திருக்கிறது. ஜாக்கி வைத்துத் தூக்கும்போது கதவு இறுகினாலும் அதே பொருள்தான். சிறு காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றிக்கொண்டு போங்கள். ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, ஓட்டையை மூடிய பட்டிப் பூச்சுதான் இருக்கிறது.

1974-இன் பிற்பகுதியில் அமெரிக்க விதிகளுக்காகக் கறுப்பு ரப்பர் பம்பர் வைத்து, காரையும் சுமார் ஒன்றரை அங்குலம் உயர்த்தினார்கள். வளைவுகளில் அது சற்றே சாயும். ஆனால் விலை குறைவு. அழுகிய குரோம் பம்பர் காரைவிட நல்ல உடலுள்ள ரப்பர் பம்பர் காரையே வாங்கச் சொல்வேன். எஞ்சின் சுழற்சியைக் குறைக்கும் கூடுதல் கியரான ஓவர்டிரைவ் இருந்தால் நெடுஞ்சாலையில் காதும் எஞ்சினும் பிழைக்கும்.

கேள்வி: குற்றம் எப்போதும் பராமரிப்பில்தான் என்பது போல எழுதுகிறீர்கள். ட்ரையம்ஃப் நிறுவனத்தின் ஸ்டாக் கார் எஞ்சின்கள் புதிதாக இருந்தபோதே கொதித்தனவே? (ஒரு வாசகர், நாட்டிங்ஹாம்)

பதில்: நியாயமான கண்டனம், ஏற்றுக்கொள்கிறேன். 1970 முதல் 1977 வரை வந்த ஸ்டாக்கின் மூன்று லிட்டர் வி8 எஞ்சினில், இரும்புப் பிளாக்கின் மேல் அலுமினியத் தலைகள் இருந்தன. குளிரூட்டும் நீரில் அரிப்புத் தடுப்பு மருந்து தீர்ந்துவிட்டால் அலுமினியம் அரித்து, அந்தக் கசடு ரேடியேட்டரை அடைத்தது. தண்ணீர்ப் பம்பும் எஞ்சினின் உயரமான இடத்தில் இருந்ததால், நீர்மட்டம் கொஞ்சம் இறங்கினாலே அது காற்றை இழுத்தது. இது வடிவமைப்பின் குற்றம்தான். அன்று முழு விலை கொடுத்து வாங்கியவர்கள் ஏமாற்றப்பட்டார்கள் என்றே சொல்வேன். எனினும் காரணங்கள் தெரிந்துவிட்டதால், நல்ல ரேடியேட்டரும் காலம் தவறாத கூலண்ட் மாற்றமும் உள்ள ஸ்டாக் இன்று கொதிக்காமல் ஓடுகிறது.

கேள்வி: எந்தப் பெட்ரோல் போடுவது? எம்.ஓ.டி. எனும் ஆண்டு வாகனத் தகுதிச் சோதனை தேவையா? (ஒரு வாசகர், சௌத்தாம்ப்டன்)

பதில்: 2021 செப்டம்பரில் பிரிட்டனில் சாதாரணப் பெட்ரோல் இ10 ஆனது, அதில் 10 சதவீதம் வரை எத்தனால் உண்டு. அது பழைய ரப்பர் குழாய்களைத் தளர்த்தும், ஈரத்தையும் உறிஞ்சும். ஆகையால் இ5 என்று குறித்த சூப்பர் ரகத்தையே போடுங்கள். குழாய்களையும் எத்தனாலைத் தாங்கும் ரகமாக மாற்றிவிடுங்கள். 40 ஆண்டுகளைக் கடந்த, பெரிய மாற்றங்கள் செய்யப்படாத கார்களுக்கு 2018 மே மாதத்திலிருந்து எம்.ஓ.டி. கட்டாயமில்லை. நான் ஆண்டுதோறும் சோதனைக்குக் கொண்டுபோகிறேன். ஒரு பக்கப் பிரேக் மெல்லத் தளர்ந்து வருவதை ஓட்டுபவரால் உணர முடியாது.

கேள்வி: என் கணவர் ஓய்வு பெற்றதும் வாங்கிய கார் இது. சென்ற கோடையில் ஐந்து முறை கிளம்பினோம். மூன்று முறை மீட்பு லாரியில் திரும்பினோம். ஞாயிறுதோறும் கராஜுக்குள் இருக்கிறார். எதையாவது பிரித்துக்கொண்டே இருக்கிறார். விற்றுவிடச் சொன்னால் மனம் உடைந்துவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. (ஒரு வாசகி, மில்டன் கீன்ஸ்)

பதில்: உங்கள் சலிப்பு நியாயமானது. மழையில், சாலை ஓரத்தில், மீட்பு லாரிக்காக இரண்டு மணி நேரம் காத்திருப்பதில் எந்த இன்பமும் இல்லை. அந்தச் சலிப்பை அவரிடம் மறைக்காதீர்கள்.

ஆனால் உங்கள் கடிதத்திலேயே காரணமும் இருக்கிறது. ஒரு கோடையில் ஐந்து முறை மட்டுமே ஓடும் கார் நிற்காமல் என்ன செய்யும்? பெட்ரோல் பழையதாகிறது, பாயிண்டின் முகத்தில் படலம் ஏறுகிறது, பிரேக் சிலிண்டர்கள் இறுகுகின்றன, பேட்டரி வடிகிறது. போதாததற்கு, ஓடிக்கொண்டிருக்கும் பாகங்களையும் ஞாயிறுதோறும் பிரித்தால் புதிய கோளாறுகள் உள்ளே போகின்றன. வாரம் ஒரு முறை, எஞ்சின் முழுதாகச் சூடேறும்படி, வீட்டைச் சுற்றி இருபது மைல் வட்டத்துக்குள்ளேயே ஓட்டச் சொல்லுங்கள். நின்றால் நடந்தோ பேருந்திலோ வீடு வந்துவிடலாம். நின்ற ஒவ்வொரு முறையும் எப்படி நின்றது, எது சூடாக இருந்தது, எது மாற்றப்பட்டது என்று ஒரு குறிப்பேட்டில் எழுதட்டும். கெடாத எதையும் பிரிப்பதில்லை என்று அவரிடம் வாக்கு வாங்குங்கள்.

அடுத்த கோடை முடியும் வரை இப்படிச் செய்து பார்த்தும் கார் கராஜிலேயே கிடந்தால், ஓட்டக்கூடிய ஒருவருக்கு விற்றுவிடச் சொல்வதில் தவறே இல்லை. ஓடாமல் நிற்பது காருக்கும் நல்லதல்ல. அதற்கு முன், உங்களுக்கு விருப்பமிருந்தால், ஒரு ஞாயிறு நீங்களும் கராஜுக்குள் போங்கள். டார்ச் பிடிக்க அவருக்கு ஒரு கை நிச்சயம் தேவைப்படும். பாயிண்ட் இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகளில் 0.015 அங்குலம் என்று பொறித்ததை வாங்கி, நீங்களே ஒரு முறை செருகிப் பாருங்கள். தகடு இலேசான பிடிப்போடு நகர்ந்தால் அளவு சரியாக இருக்கிறது.